முதலில் உயரத்தை அள, அப்புறம் ஃபீஸ் கட்டு: மும்பையில் தீயணைப்பு வேலைக்கு எந்த வழி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். "தம்பி, முத்துவுக்கு ஃபயர் கோர்ஸ்ல இடம் கெடைச்சிருக்கு. நாளைக்குள்ள 30,000 கட்டணுமாம். மொத்தம் 75,000." குரலில் சந்தோஷமும் இருந்தது, நகையை எங்கே வைப்பது என்ற கவலையும் இருந்தது. "ஒண்ணும் கட்டாதே, சாயங்காலம் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

நான் பரேலில் ஒரு உயரமான குடியிருப்புக் கட்டடத்தின் தீத்தடுப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பம்ப் அறை, ஹைட்ரண்ட், ஸ்பிரிங்க்ளர், அலாரம் பேனல் எல்லாம் என் பொறுப்பு. 2008-ல் நானும் இதே மாதிரி ஒரு தனியார் நிலையத்தில் டிப்ளமா படித்தவன்தான். சேரும்போது பைகுல்லா தலைமையகத்தில் நிற்கும் சிவப்பு வண்டியில் ஏறப்போகிறேன் என்று நினைத்தேன். சேர்த்துக்கொண்டவர்களும் அப்படித்தான் பேசினார்கள். ஒரு வருடம் படித்து முடித்து மாநகராட்சி அறிவிப்பைக் கையில் எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, அதில் என் சான்றிதழைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கேட்டிருந்ததெல்லாம் 12-ஆம் வகுப்பு மதிப்பெண்ணும் உயரமும்தான். என் உயரம் 166 செ.மீ. அந்த 75,000-க்கு அன்றைக்கு ஈடான பணத்தை அப்பா தையல் மெஷினில் உட்கார்ந்து சேர்த்திருந்தார்.

அன்று சாயங்காலம் தாராவி கிராஸ் ரோட்டில் அக்கா வீட்டில் உட்கார்ந்து நாங்கள் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். முத்துவுக்கு 19 வயது, 12-ஆம் வகுப்பில் அறிவியல் படித்தவன். அவன் தங்கை செல்வி இந்த வருடம்தான் 12-ஐ முடித்தாள், வயது 18. முத்துவுக்காகப் போன பேச்சு பாதியில் செல்விக்கும் சேர்ந்துகொண்டது.

முதலில் ஒரு விஷயம். நம் வீடுகளில் டாக்டர் ஆக வேண்டுமானால் மருத்துவக் கல்லூரி, வக்கீல் ஆக வேண்டுமானால் சட்டக் கல்லூரி என்று பழகிப்போயிருக்கிறது. அதே கணக்கில் தீயணைப்பு வீரர் ஆவதற்கும் ஒரு கல்லூரி இருக்கும், அங்கே படித்தால் வேலை என்று நினைக்கிறோம். இந்தத் துறையில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் ஆளை எடுக்கிறார்கள், அப்புறம் சம்பளம் கொடுத்தே பயிற்சி தருகிறார்கள். அதனால் எந்தக் கோர்ஸ் நல்லது என்று ஆரம்பிக்காமல், யாரிடம் வேலைக்குப் போகப் போகிறோம், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பின்னாலிருந்து வர வேண்டும். இதைச் சொன்னதும் முத்து, "அப்போ கோர்ஸே வேண்டாமா மாமா?" என்றான். ஒரு வழிக்கு வேண்டும், மற்றவற்றுக்கு வேண்டாம்.

கதவு நிலையில் இருவரையும் நிற்க வைத்து டேப் பிடித்து அளந்தோம். முத்து 171. செல்வி 163. இந்த இரண்டு எண்கள்தான் அதற்கு மேல் எல்லாவற்றையும் முடிவு செய்தன. நான் கீழே தரும் அளவுகள் இதுவரை வந்த அறிவிப்புகளில் உள்ளவை. அடுத்த அறிவிப்பு வரும்போது அதையே வரி விடாமல் படித்துக்கொள்ள வேண்டும்.

மும்பை ஃபயர் பிரிகேட்

எல்லாருடைய மனதிலும் முதலில் இருப்பது இதுதான். மாநகராட்சியின் கீழ் இயங்குகிறது. பதவியின் பெயர் மராத்தியில் அக்னிஷாமக். 2023 தொடக்கத்தில் பெரிய அளவில் ஆள் எடுத்தார்கள், 910 இடங்களுக்கு, தஹிசரில் ஒரு மைதானத்தில் நேரடியாக வரச் சொல்லி. 12-ஆம் வகுப்பில் 50 சதவீதம், வயது 20 முதல் 27, ஆண்களுக்கு 172 செ.மீ., பெண்களுக்கு 162 செ.மீ., எடை 50 கிலோ. மராத்தி தெரிந்திருக்க வேண்டும். சம்பள விகிதம் 21,700-ல் தொடங்கி 69,100 வரை.

இங்கே மைதானம்தான் பரீட்சை. ஆண்கள் 800 மீட்டரை 3 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். 19 அடி உயரத்திலிருந்து கீழே ஆட்கள் விரித்துப் பிடிக்கும் ஜம்பிங் ஷீட்டில் குதிக்க வேண்டும். 50 கிலோ மனித பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஏணி ஏறி இறங்க வேண்டும். இவற்றில் ஓட்டத்தையும் சுமையையும் பயிற்சியால் பிடித்துவிடலாம். 19 அடி குதிப்பு அப்படி இல்லை. மேலே போய் நின்று கீழே பார்த்த பிறகுதான் யாருக்கு உயரம் ஒத்துக்கொள்ளும், யாருக்குத் தலை சுற்றும் என்று தெரியும். நல்ல ஓட்டக்காரப் பையன்கள் அங்கே நின்று திரும்பி இறங்கி வந்ததை என்னோடு வேலை செய்கிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

எடுத்துக்கொண்ட பிறகு பயிற்சியை அவர்களே தருகிறார்கள். ஹோஸ் விரிப்பது, மூச்சுக் கருவி போட்டுக்கொண்டு புகை அறைக்குள் தவழ்ந்து போவது, கயிறு, முதலுதவி எல்லாம் அங்கேதான். இதற்கென்று வெளியே காசு கட்டிப் படிக்கத் தேவையே இல்லை. முன்னாலேயே டிப்ளமா வைத்திருப்பவனும் வைத்திருக்காதவனும் அந்த மைதானத்தில் ஒன்றுதான்.

முத்து 1 செ.மீ.யில் வெளியே நிற்கிறான். அவனுக்கு இது வலித்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "காலையில அளந்தா ஜாஸ்தி வரும்னு சொல்றாங்களே மாமா?" உண்மைதான். தூங்கி எழுந்ததும் முதுகெலும்பு தளர்ந்து கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும், பகலில் நடக்க நடக்கக் குறையும். ஆனால் அந்த ஒரு சென்டிமீட்டரை நம்பி, எப்போது வரும் என்று தெரியாத அறிவிப்புக்காக மூன்று நான்கு வருடம் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்தால் போய் அளந்து பார்க்கட்டும். அதுவே முதல் வழியாக இருக்கக் கூடாது.

செல்விக்கு 162 போதும், அவளிடம் 163 இருக்கிறது. அன்று வரை அந்த வீட்டில் யாரும் அவளைப் பற்றி இந்தப் பேச்சை எடுத்ததில்லை. மும்பை படையில் பெண்கள் 2012-லிருந்து இருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் பார்த்தாலும், 2003-லேயே பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் கோட்ட அலுவலர்களாக வந்துவிட்டார்கள். நாக்பூர் தேசிய தீயணைப்புக் கல்லூரியில் 2002-ல் சேர்ந்த ஹர்ஷினி கன்ஹேகர்தான் அங்கே படித்த முதல் பெண், பிறகு ஓஎன்ஜிசியில் தீயணைப்பு அதிகாரியாகச் சேர்ந்தார். இதையெல்லாம் சொன்னபோது அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மராத்தி விஷயத்தில் நம் பிள்ளைகளுக்குக் கவலை வேண்டாம். மகாராஷ்டிரப் பள்ளியில் படித்தவர்களுக்கு மராத்தி ஒரு பாடமாக வந்துவிடுகிறது, தெருவிலும் பேசிப் பழகியிருக்கிறார்கள். ஊரில் படித்துவிட்டு இங்கே வந்தவர்களுக்குத்தான் இந்த இடம் முட்டும்.

சாந்தாக்ரூஸ் ஆறு மாதப் பயிற்சி

கோர்ஸ் தேவைப்படும் வழி என்று சொன்னேனே, அது இது. சாந்தாக்ரூஸ் கிழக்கில், பல்கலைக்கழக வளாகம் இருக்கும் வித்யாநகரி பக்கம், மகாராஷ்டிர அரசின் தீயணைப்புப் பயிற்சி மையம் இருக்கிறது. 10-ஆம் வகுப்பு முடித்தவர்களுக்கு 6 மாத ஃபயர்மேன் பயிற்சி, பட்டம் முடித்தவர்களுக்கு ஒரு வருட சப்-ஆபீசர் பயிற்சி என்று இரண்டு உண்டு. ஆண்களுக்கு உயரம் 165 செ.மீ. கேட்கிறார்கள்.

இதன் மதிப்பு மும்பைக்கு வெளியேதான் அதிகம். புனே போன்ற மாநகராட்சிகள் ஃபயர்மேன் வேலைக்கு அறிவிப்பு விடும்போது 10-ஆம் வகுப்போடு இந்த 6 மாதப் பயிற்சியையும், எம்எஸ்-சிஐடி கணினிச் சான்றிதழையும் கேட்கின்றன. மையத்தின் பெயரையே போட்டுக் கேட்கிறார்கள். தனியார் நிலையத்தின் ஒரு வருட டிப்ளமா இரண்டு மடங்கு காலம் படித்ததாக இருந்தாலும், அந்த இடத்தில் இதற்கு ஈடாகாது. இதை நான் முத்துவிடம் மூன்று முறை சொன்னேன். காரணம், அவனைச் சேரச் சொன்ன ஆள் "அரசு அங்கீகாரம்" என்ற சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். எந்த அரசு, எந்த வேலைக்கு என்று அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

சேர்க்கை குறைவு, விண்ணப்பம் அதிகம், உடல் தகுதியும் பார்ப்பார்கள். அதனால் பணம் கட்டினால் இடம் என்பது இங்கே இல்லை. ஆனால் 171 செ.மீ. உள்ள பையனுக்கு இது திறந்திருக்கும் கதவு. மும்பையை விட்டு இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் வேலை கிடைத்தால் போகத் தயாரா என்பதுதான் கேள்வி. முத்து யோசிக்காமல் தயார் என்றான். அக்கா யோசித்தாள்.

சிஐஎஸ்எஃப் ஃபயர்

மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்குள் தீயணைப்புக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. உரத் தொழிற்சாலை, எண்ணெய் நிறுவனங்கள், மின் நிலையங்கள் என்று ஆபத்தான பொருள் கையாளும் இடங்களில் இவர்கள்தான் நிற்கிறார்கள். கான்ஸ்டபிள்/ஃபயர் என்ற பதவிக்கு 2024-ல் 1,130 இடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். 12-ஆம் வகுப்பில் அறிவியல் படித்திருக்க வேண்டும், வயது 18 முதல் 23, உயரம் 170 செ.மீ., மார்பு 80 செ.மீ., விரித்தால் 85. ஓட்டம் 5 கிலோமீட்டர், 24 நிமிடத்துக்குள். அந்த அறிவிப்பு ஆண்களுக்கு மட்டும்.

800 மீட்டர் ஓடுவதும் 5 கிலோமீட்டர் ஓடுவதும் வேறு வேறு உடம்பு கேட்கும். முதலாவதற்கு வெடிப்பான வேகம் வேண்டும், இரண்டாவதற்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடத்துக்குள் சீராகப் போகும் மூச்சு வேண்டும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தயாராகிறேன் என்று ஆரம்பித்தால் முட்டி போய்விடும். ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துத் தேர்வு ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். தமிழ்நாட்டுப் பையன்களுக்குத் தடையாகும் இந்த ஹிந்தி, தாராவியில் வளர்ந்தவனுக்குப் பலம். சம்பள விகிதம் மும்பை மாநகராட்சியைப் போலவே 21,700-லிருந்து 69,100 வரை. பயிற்சி ஹைதராபாத்தில், படையின் சொந்தச் செலவில். வேறுபாடு இருக்கும் இடம் வாழ்க்கை முறை. இது ஆயுதப்படை ஒழுங்கு. இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் மாற்றுவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வீட்டுக்கு வர முடியுமா என்பதே லீவு கிடைப்பதைப் பொறுத்தது. தினமும் தீ பார்க்கும் வேலையும் அல்ல. பெரும்பாலான நாள் பயிற்சி, கவாத்து, கருவிகளைச் சரிபார்ப்பது. ஆனால் ஒரு நாள் வந்தால் அது சாதாரணக் குடிசைத் தீயாக இருக்காது, ரசாயனத் தீயாக இருக்கும்.

முத்துவின் வயதுக்கும் உயரத்துக்கும் பாடத்துக்கும் அப்படியே பொருந்துவது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

விமான நிலையம்

இதைப் பற்றி நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். இந்திய விமான நிலைய ஆணையம் ஜூனியர் அசிஸ்டன்ட் (ஃபயர் சர்வீஸ்) என்ற பதவிக்கு வட்டார வாரியாக ஆள் எடுக்கிறது. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கோவா சேர்ந்தது மேற்கு வட்டாரம். 12-ஆம் வகுப்பு, அல்லது 10-க்குப் பிறகு மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், ஃபயர் இவற்றில் மூன்று வருட டிப்ளமா. வயது 18 முதல் 30. உயரம் ஆண்களுக்கு 167, பெண்களுக்கு 157 செ.மீ. சம்பள விகிதம் 31,000-லிருந்து 92,000 வரை. மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் அதிகம்.

இதில் பலர் வழுக்கி விழும் இடம் டிரைவிங் லைசென்ஸ். கனரக வண்டி லைசென்ஸ் இருந்தால் சரி. இல்லையென்றால் நடுத்தர வண்டி லைசென்ஸ் குறைந்தது ஒரு வருடத்துக்கு முன்பும், கார் லைசென்ஸ் என்றால் குறைந்தது இரண்டு வருடத்துக்கு முன்பும் எடுத்திருக்க வேண்டும். அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் லைசென்ஸ் எடுத்தால் அந்த முறை போயிற்று. ஆகையால் 18 முடிந்ததும் கார் லைசென்ஸ் எடுத்துவைப்பதுதான் இந்த வேலைக்கு முதல் படிப்பு. 75,000 வேண்டாம், அதில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

வேலையின் தன்மையும் வேறு. ஓடுபாதையின் எந்த மூலையில் விபத்து நடந்தாலும் 3 நிமிடத்துக்குள் முதல் வண்டி அங்கே நுரை பீய்ச்சத் தொடங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. முடிந்தால் 2 நிமிடம். அதனால் எப்போதும் தயார் நிலை, எப்போதும் ஒத்திகை. மும்பையின் பெரிய விமான நிலையம் தனியார் நிர்வாகத்தில் இருக்கிறது, அவர்கள் தனியாக ஆள் எடுக்கிறார்கள். ஆணையத்தின் வேலை ஜூஹு, கோலாப்பூர், இந்தூர், சூரத் என்று எங்கே வேண்டுமானாலும் அமையலாம்.

இரண்டு பிள்ளைகளுக்கும் உயரம் பொருந்தும் ஒரே வேலை இதுதான்.

நாக்பூரும் கொச்சியும்

கல்லூரி என்றே சொல்ல வேண்டுமானால் நாக்பூரில் உள்ள தேசிய தீயணைப்புப் பணிக் கல்லூரிதான். உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1956-ல் ராம்பூரில் தொடங்கி மறு வருடம் நாக்பூருக்கு வந்தது. ஃபயர் இன்ஜினீயரிங்கில் நான்கு வருடப் பட்டப்படிப்பு அங்கே உண்டு, சப்-ஆபீசர் பயிற்சியும் உண்டு. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் சேஃப்டி அண்ட் ஃபயர் இன்ஜினீயரிங்கில் பி.டெக். இருக்கிறது, அதற்கு அவர்களுடைய சொந்த நுழைவுத் தேர்வு. இவை அதிகாரி நிலைக்கும் எண்ணெய், எரிவாயு நிறுவனங்களுக்கும் போகும் வழிகள். கணிதமும் இயற்பியலும் நன்றாக வரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. முத்துவுக்குக் கணக்கு ஆகாது என்று அவனே சொன்னான், அதோடு விட்டுவிட்டோம்.

ஊருக்குத் திரும்பி தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் சேர்வதைப் பற்றி அத்தான் கேட்டார். சீருடைப் பணியாளர் தேர்வாணையம் காவலர்களோடு சேர்த்துத் தேர்வு வைக்கிறது, 10-ஆம் வகுப்பு போதும், 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். ஆனால் தமிழ்த் தகுதித் தேர்வு உண்டு. எங்கள் பிள்ளைகள் வீட்டில் திருநெல்வேலித் தமிழை வெளுத்து வாங்குவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் திணறுவார்கள்.

அந்த 75,000 டிப்ளமா

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. முன்னாலேயே சொல்லியிருந்தால் கோபத்தில் சொன்னதாகப் போய்விடும்.

இந்தப் படிப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. எனக்குச் சோறு போடுவது இதுதான். மகாராஷ்டிரத்தில் 2006-ஆம் ஆண்டின் தீத்தடுப்பு மற்றும் உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு கட்டடக்காரர்கள் தீத்தடுப்புச் சாதனங்களை உரிமம் பெற்ற ஏஜென்சி மூலம் பராமரித்து, வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், எல்லாம் வேலை செய்கிறது என்று படிவம் பி கொடுக்க வேண்டும். 2017 டிசம்பர் 29 அதிகாலை கமலா மில்ஸில் 14 பேர் இறந்த பிறகு ஹோட்டல்களும் மால்களும் இதில் கொஞ்சம் விழித்துக்கொண்டன. ஆகவே குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஜாக்கி பம்ப் ஏன் அடிக்கடி ஓடுகிறது, மாடிகளுக்கு ஏறும் ரைஸர் குழாயில் எங்கே அழுத்தம் போகிறது, பேனலில் எந்த டிடெக்டர் பொய் அலாரம் அடிக்கிறது என்று தெரிந்த ஆளுக்கு இந்த நகரத்தில் வேலை உண்டு. தீ வருவதற்கு முன்னால் செய்யும் வேலை. அதில் மரியாதை இருக்கிறது, எனக்கு அதில் பிடிப்பும் இருக்கிறது.

ஆனால் அது வேறு வேலை. அதைத் தீயணைப்பு வீரர் வேலை என்று சொல்லி விற்பதுதான் தவறு. சீருடை போட்ட பையன்கள் ஹோஸ் பிடித்து நிற்கும் படத்தைப் பேனரில் போட்டு, ஹோட்டலில் செக்யூரிட்டியோடு சேர்ந்து நிற்கும் 14,000 ரூபாய் வேலைக்கு அனுப்புகிறார்கள். சேஃப்டி ஆபீசர் ஆகலாம் என்று சொல்வார்கள். பெரிய தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரி வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது நிஜம். அந்தப் பதவிக்கு அறிவியல் பட்டமோ பொறியியல் டிப்ளமாவோ, அனுபவமும், அதற்கு மேல் அங்கீகரிக்கப்பட்ட தொழில் பாதுகாப்புப் படிப்பும் வேண்டும். அந்த உயர்நிலைப் படிப்பை நடத்தும் மத்திய தொழிலாளர் நிறுவனம் நம் சயானில்தான் இருக்கிறது. 12-ஐ முடித்த பையன் ஒரு வருடத்தில் அங்கே போய் நிற்க முடியாது.

முத்து சேரவிருந்த இடத்துக்கு அன்று சாயங்காலமே போன் போட்டேன். "உங்கள் சான்றிதழைக் கேட்டு எந்த அரசுத் துறை கடைசியாக அறிவிப்பு விட்டது? அந்த அறிவிப்பை அனுப்புங்கள்" என்றேன். அனுப்புகிறேன் என்றார்கள். மறுநாள் 10,000 தள்ளுபடி தருவதாகச் செய்தி வந்தது. அறிவிப்பு வரவில்லை. நீங்களும் எங்கே சேர்வதாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அறிவிப்பு கைக்கு வந்தால் கட்டலாம்.

இதே துறைக்குள் குறைந்த செலவில் நுழைய நினைப்பவர்கள் ஐடிஐயில் ஃபயர் டெக்னாலஜி பிரிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். அரசுச் சான்றிதழ், கட்டணம் குறைவு.

காகிதங்கள்

உயரமும் ஓட்டமும் சரியாக இருந்தும் நம் மக்கள் கவுண்டரில் திரும்பி வருவது இதனால்தான். மகாராஷ்டிர வேலைகளுக்கு 15 வருடம் இங்கே வாழ்ந்ததற்கான டொமிசைல் சான்றிதழ் வேண்டும். சாதிச் சான்றிதழ்தான் பெரிய சிக்கல். தமிழ்நாட்டில் வாங்கிய எஸ்சி, ஓபிசி சான்றிதழை வைத்து மகாராஷ்டிர அரசு வேலைகளில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது. இங்கேயே சான்றிதழ் பெற, எஸ்சி என்றால் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பும், ஓபிசி என்றால் 1967 அக்டோபர் 13-க்கு முன்பும் குடும்பம் மகாராஷ்டிரத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். சாதியின் பெயரும் இந்த மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும்.

எங்கள் தாத்தா தோல் பட்டறை வேலைக்கு வந்தது 1971-ல். நான்கு வருட வித்தியாசத்தில் முத்துவும் செல்வியும் இங்கே பொதுப் பிரிவு. தாராவியில் அதற்கும் முன்னால் வந்த குடும்பங்கள் நிறைய உண்டு. தாத்தாவின் பழைய வாடகை ரசீது, ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ் எதுவானாலும் டிரங்குப் பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். மத்திய அரசு வேலைகளில் நிலைமை வேறு. அப்பாவின் தமிழ்நாட்டுச் சான்றிதழை வைத்து, இடம்பெயர்ந்தவர் என்று குறிப்பிட்டு இங்குள்ள அதிகாரியிடம் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. சிஐஎஸ்எஃப், விமான நிலையம் இரண்டையும் முத்துவுக்கு முதலில் வைத்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

சாப்பாடு ஆன பிறகு

எல்லாம் பேசி முடிந்து தோசை சாப்பிடும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள். "தம்பி, காளபாதேவியில பெரிய ஆபீசரே போயிட்டாரே. அங்கே புள்ளைய அனுப்பணுமா?"

2015 மே 9 அன்று காளபாதேவியில் கோகுல் நிவாஸ் என்ற பழைய கட்டடம் எரிந்தபோது உள்ளே போன நான்கு அதிகாரிகளை இந்த நகரம் இழந்தது. தலைமைத் தீயணைப்பு அதிகாரி சுனில் நேஸ்ரிகர் அவர்களில் ஒருவர். அவர் வெளியே நின்று வயர்லெஸ்ஸில் உத்தரவு போட்டிருக்கலாம், போடவில்லை. 1944 ஏப்ரல் 14-ல் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் இறந்ததும் இதே ஊரில்தான். நாடு முழுக்க ஏப்ரல் 14-ல் தீயணைப்பு வாரம் தொடங்குவது அவர்களுக்காக. ஆபத்து இல்லை என்று நான் அக்காவிடம் பொய் சொல்லவில்லை. பயிற்சியும் நல்ல கருவியும் உள்ள படையில் சேர்வது ஒன்று, ஒரு வருட டிப்ளமாவை வைத்து ஒரு குடோன் முதலாளி கையில் கொடுத்த ஒற்றைத் தீயணைப்பு சிலிண்டரோடு புகைக்குள் போவது வேறொன்று என்று மட்டும் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. இன்னொரு தோசையைத் தட்டில் வைத்தாள்.

முடிவு இப்படி ஆனது. முத்துவுக்கு முதலில் சிஐஎஸ்எஃப், கூடவே சாந்தாக்ரூஸ் விண்ணப்பம் திறக்கும்போது அதற்கும் போடுவது. செல்விக்கு 20 வயது ஆகும்வரை மாநகராட்சிக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குள் பி.எஸ்சி. இரண்டாம் வருடம் போய்விடுவாள். பட்டம் கையில் இருந்தால் பின்னால் சப்-ஆபீசர் பயிற்சிக்கும் போகலாம். விமான நிலையத்துக்காக இருவரும் டிரைவிங் கற்றுக்கொள்கிறார்கள். அக்கா நகையை அடகு வைக்கவில்லை. கையிலிருந்த பணத்தில் டிரைவிங் பள்ளிக்கும் இரண்டு ஜோடி ஓட்டக் காலணிக்கும் செலவு செய்தாள்.

இப்போது காலை 5 மணிக்கு இருவரும் சிவாஜி பார்க்கைச் சுற்றி ஓடுகிறார்கள். என் இரவு ஷிஃப்ட் முடிகிற நாட்களில் நானும் போய் ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறேன். முத்து 5 கிலோமீட்டருக்கு இன்னும் 27 நிமிடம் எடுக்கிறான். செல்வி அவன் நேரத்தை எழுதிவைக்க ஒரு நோட்டு போட்டிருக்கிறாள், தன்னுடையதை வேறொரு பக்கத்தில் எழுதுகிறாள், அதை மட்டும் எங்களுக்குக் காட்டுவதில்லை.